கொழுந்திலிருந்து குருதிக்குழாய்ச் சுவர் வரை

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை மலைகள் பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குக் கீழே கிடக்கின்றன. வணிகத்தில் இவற்றின் விளைச்சலுக்குத் தாழ்நிலத் தேயிலை என்று பெயர். வெப்பமும் மழையும் மிகுந்த சரிவுகள் என்பதால் துளிர் விரைந்து வளரும்; சாயம் கறுத்து, அடர்த்தியாக இறங்கும். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கங்களில் கொய்யப்படும் கொழுந்து கறுப்புத் தேயிலையாகிக் கோப்பைக்குள் இறங்கிய பின்னும் அதன் வேலை முடிவதில்லை. குருதிக்குழாயின் உட்சுவரில் இருக்கும் ஒரு நொதியத்தை அது உசுப்புகிறது. அந்த நொதியம் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவை ஆக்குகிறது. வாயு, புரதங்களில் உள்ள கந்தகத்தின்மேல் ஏறி அமர்ந்து, இதயமும் நாடிகளும் இயங்கும் விதத்தை மாற்றுகிறது. இந்தப் பாதையைக் கொழுந்திலிருந்தே தொடங்கி, படிப்படியாகப் பார்க்கலாம்.

கொய்யும்போது கொழுந்தின் எடையில் முக்காற்பங்குக்கு மேல் நீர். எஞ்சும் உலர்பொருளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று கட்டெச்சின் எனப்படும் துவர்ப்புச் சேர்வைகள். இவை இலைக் கலத்தின் புன்வெற்றிடத்துக்குள் அடைபட்டுள்ளன. இவற்றை ஒட்சியேற்றக்கூடிய, செம்பு அணுவைக் கொண்ட நொதியம் அதே கலத்தில், ஆனால் பச்சையவுருமணிகளின் பக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் மெல்லிய சவ்வு. தேயிலை ஸ்டோரில் நடக்கும் வேலை முழுவதும் இந்தச் சவ்வை உரிய நேரத்தில் கிழிப்பதையும், அதன்பின் தொடங்கும் தாக்கத்தை உரிய நேரத்தில் நிறுத்துவதையும் பற்றியதுதான்.

மடுவத்தில் நிறுத்து எடுத்த கொழுந்து ஸ்டோருக்கு வந்ததும், வலைத்தட்டு பொருத்திய நீண்ட தொட்டிகளில் பரப்பப்படும். அடியிலிருந்து விசிறிக் காற்று மேலே போகும். 12 முதல் 18 மணித்தியாலங்களில் இலையின் ஈரம் 55 வீதமளவுக்கு இறங்கும். வாட்டம் போதுமா என்பதை அறிய, அனுபவமுள்ளவர் ஒரு பிடி இலையை உள்ளங்கையில் இறுக்கிப் பார்ப்பார். உருண்டை கையை விட்டதும் மெதுவாக விரிய வேண்டும். காம்பு முறியக் கூடாது, வளைய வேண்டும். முறிந்தால் இன்னும் சில மணித்தியாலங்கள் காத்திருக்க வேண்டும்.

வாடிய இலை ரோலரில் விழும். பித்தளை மேசையின்மேல் உருளை வட்டமாகச் சுழல, மேசையின் வரிப்புகள் இலையை முறுக்கிப் பிழியும். ஒரு முறைக்கு 20 முதல் 30 நிமிடம். இங்கேதான் புன்வெற்றிடங்கள் உடைந்து, சாறும் நொதியமும் முதன்முதலாகச் சந்திக்கின்றன. உருட்டிய இலையைச் சல்லடையில் ஆட்டினால் கீழே விழுவது முதல் தூள். மேலே தங்கியது மறுபடியும் ரோலருக்குப் போகும். அதிலிருந்து இரண்டாம் தூள். ஒவ்வொரு தூளும் ஓடு பதித்த தரையிலோ மேசையிலோ மெல்லிய படையாகப் பரப்பப்படும். அறை ஈரமாகவும், 25 பாகை செல்சியசை ஒட்டியும் இருக்க வேண்டும். உருட்டத் தொடங்கியதிலிருந்து எண்ணினால் இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் பச்சை நெடி அடங்கி, தூள் செம்பு நிறமாகும். வேதியியலில் நடப்பது இது: ஒட்சியேறிய கட்டெச்சின்கள் இரண்டிரண்டாக இணைந்து, மஞ்சட்செம்மை நிறமுள்ள தியாபிளேவின்களாகின்றன, நேரம் செல்லச் செல்ல அவை மேலும் திரண்டு, கருஞ்செம்மையான தியாரூபிகின்களாகின்றன. முன்னது சாயத்துக்குப் பிரகாசம் தருகிறது, பின்னது நிறமும் உடலும் தருகிறது.

டிரையருக்குள் ஏறத்தாழ 20 நிமிடம். 90 பாகையைத் தாண்டிய சூடான காற்று நொதியத்தைச் செயலிழக்கச் செய்து, ஈரத்தை 3 வீதத்துக்குக் கொண்டுவரும். நாலரை முதல் ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. சுவை பார்ப்பவர்கள் 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூளிட்டு, மூடி, 6 நிமிடம் வைப்பார்கள். லயத்து அடுப்படியில் அளவும் நேரமும் வேறு. ஆனால் சாயத் தண்ணியில் இறங்கும் சேர்வைகள் அவையேதான்.

அடுத்த படியை அளந்து காட்டியவர்கள் அமெரிக்காவின் பொஸ்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள். 2001இல் வெளியான அவர்களின் ஆய்வில், முடியுரு நாடி நோயுள்ள 66 பேர் சேர்க்கப்பட்டு, 50 பேர் இறுதிவரை நின்றனர். முதலில் 450 மில்லிலீற்றர் கறுப்புத் தேநீர் கொடுத்து இரண்டு மணித்தியாலத்தின் பின் அளந்தார்கள். பிறகு நாளுக்கு 900 மில்லிலீற்றர் வீதம் நான்கு வாரம் கொடுத்து அளந்தார்கள். ஒப்பீட்டுக்காக, இன்னொரு தவணையில் அதே ஆட்களுக்கு வெறும் நீர்.

அளக்கும் முறை எளியது. ஆனால் கை நடுங்காதவர் செய்ய வேண்டியது. புயநாடியை ஸ்கேன் கருவியால் படம் பிடித்து அதன் விட்டத்தைக் குறிப்பார்கள். அது சில மில்லிமீற்றர் மட்டுமே. கையில் பட்டியைச் சுற்றி, குருதியோட்டம் நிற்கும்வரை காற்றேற்றி, 5 நிமிடம் அப்படியே வைப்பார்கள். பட்டியை விட்டதும், அடைபட்டிருந்த குருதி விரைந்து பாயும். அந்தப் பாய்ச்சல் சுவரை உரசும், சுவர் நைத்திரிக் ஒட்சைட்டை விடும், நாடி அகலும். ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்து மீண்டும் விட்டத்தை அளந்தால், நலமுள்ள நாடி மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு, இரண்டு பங்கு விரிந்திருக்கும். நோயுற்ற நாடி அவ்வளவு விரியாது. தேநீருக்குப் பின், இரண்டு மணித்தியால அளவிலும் நான்கு வார அளவிலும், நாடி கூடுதலாக விரிந்தது. தனியாகக் கொடுத்த கஃபெயின் இந்த விளைவைத் தரவில்லை. தசையை நேரே தளர்த்தும் குளிசையை நாக்குக்குக் கீழ் வைத்து விரிக்கும் விரிவில் மாற்றமில்லை. ஆகவே மாற்றம் தசையில் அல்ல, உட்சுவரில்தான் என்று பிரித்தறிய முடிந்தது. சோதனையின் அமைப்பு இங்கே மிக நேர்த்தியானது.

2007இல் பெர்லின் சாரிட்டே மருத்துவமனைக் குழுவினர், மாதவிடாய் நின்ற, நலமுள்ள 16 பெண்களுக்கு அரை லீற்றர் கறுப்புத் தேநீர் கொடுத்து இதே அளவீட்டைச் செய்தார்கள். வெறுந்தேநீர் நாடியை விரித்தது. கொழுப்பு நீக்கிய பாலைப் பத்து வீதம் கலந்ததும் அந்த விளைவு இல்லாமற் போனது. பாலின் கேசீன் புரதங்களே காரணம் என்று அவர்கள் காட்டினார்கள்; அவை கட்டெச்சின்களைப் பற்றிக்கொள்வதாகக் கருதினார்கள். பாலைப் பற்றிய எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை. ஆனாலும் மலைக்குப் போகுமுன் பாலில்லாத சாயம் குடிக்கும் தோட்டத்து வழக்கத்தில் குறைகாண இந்த ஆய்வு இடம் வைக்கவில்லை. அதிலே சேரும் சீனிதான் வேறு கதை.

இனி உட்சுவருக்குள். நாடியின் உட்பக்கத்தை ஒற்றைக்கலப் படை ஒன்று போர்த்தியிருக்கிறது. அதற்கு அகவணி என்று பெயர். நைத்திரிக் ஒட்சைட்டை ஆக்கும் நொதியம் இந்தக் கலங்களின் சவ்வில், சிறு குழிவுகளில் நங்கூரமிட்டிருக்கிறது. நங்கூரம் கொழுப்பமிலங்களால் ஆனது: சங்கிலியின் நுனியில் ஒன்று, 15ஆம், 26ஆம் இடங்களில் உள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்களில் ஒவ்வொன்று. இடத்தில் பொருத்துவதற்கே மூன்று மாற்றங்கள்.

நொதியம் இரண்டு ஒரேமாதிரியான சங்கிலிகளால் ஆனது. மனிதரில் ஒவ்வொன்றிலும் 1,203 அமினோ அமிலங்கள். இரண்டையும் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு நாக அணு. அதை இரண்டு சங்கிலிகளும் தலா இரண்டு சிஸ்டீன்களின் கந்தகத்தால், 94ஆம் 99ஆம் இடங்களிலிருந்து, கவ்வியிருக்கின்றன. ஒவ்வொரு சங்கிலிக்கும் இரண்டு பாகங்கள். ஒரு பாகம் இலத்திரன்களை வாங்கிக் கடத்துவது. மற்றது இரும்பு கொண்ட ஹீம் வளையத்தில் வேதிவேலை செய்வது. இலத்திரன்கள் தம் சங்கிலியின் ஹீமுக்குப் போகாமல், குறுக்கே தாண்டி எதிர்ச் சங்கிலியின் ஹீமுக்குப் போகின்றன. ஆகவே இரண்டும் இணைந்திருக்கும்வரைதான் வேலை. ஒன்று தனியானால் இரண்டுமே நின்றுவிடும். இந்தப் பொருத்தம் என்னை எப்போதும் வியக்க வைக்கிறது.

மூலப்பொருள் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம். பருப்பு, கச்சான், கருவாடு, முட்டை எல்லாவற்றிலும் உண்டு. சிறுநீரகமும் தானே ஆக்கிக்கொள்ளும். நொதியம் அதை இரண்டு படிகளில் வேலைசெய்கிறது. முதலில் ஆர்ஜினினில் ஓர் ஒட்சிசனை ஏற்றி, இடைப்பொருளாக்கி, கையை விடாமல் வைத்திருக்கிறது. பிறகு அதை உடைத்து, சிற்றுலின் என்ற அமினோ அமிலத்தையும் நைத்திரிக் ஒட்சைட்டையும் விடுகிறது. ஒரு மூலக்கூறு வாயுவுக்கு இரண்டு மூலக்கூறு ஒட்சிசன் செலவாகிறது. அருகில் டெற்றாஹைட்ரோபயோப்டெரின் என்ற துணைப்பொருள் நிற்க வேண்டும். அது ஒட்சியேறிக் கெட்டால், ஆர்ஜினினுக்குப் போகவேண்டிய இலத்திரன்கள் நேரே ஒட்சிசனில் விழுந்து, தீங்கான மீயொட்சைட்டு உருவாகும். நீரிழிவும் புகைத்தலும் உயர்குருதியழுத்தமும் நாடியைக் கெடுக்கும் வழிகளில் இது முக்கியமானது.

நொதியத்தைத் தொடக்கும் திறப்புகள் பல. கொழுந்துக்கூடையுடன் சரிவில் ஏறும்போது இதயம் அனுப்பும் குருதி ஓய்வுநிலையின் நிமிடத்துக்கு ஐந்து லீற்றரிலிருந்து இரண்டு மடங்கு, மூன்று மடங்காகிறது. உரசல் கூடுகிறது. அகவணிக் கலத்துக்குள் சமிக்ஞைகள் ஓடி, ஏகேடி என்னும் நொதியம் 1177ஆம் இடத்தில் உள்ள செரீனில் ஒரு பொசுபேற்றை ஒட்டுகிறது. இதை 1999இல் இரண்டு குழுக்கள் ஒரே இதழில் அறிவித்தன. பொசுபேற்று ஒட்டியதும், கல்சியம் அதிகம் இல்லாதபோதும் நொதியம் ஓடும். எதிர்த்திசையில் 495ஆம் இடத்தில் இருக்கும் திரியோனினில் பொசுபேற்று ஒட்டியிருந்தால் நொதியம் அடங்கும். தேநீரின் சேர்வைகள் செய்வது இந்த இரண்டையுமே: 2004இல் பன்றியின் பெருநாடி அகவணிக் கலங்களில் அவற்றை இட்டபோது, 1177இல் பொசுபேற்று ஏறியது, 495இல் இறங்கியது, வாயு கூடியது.

மூன்றாவது திறப்பு இன்னும் நுட்பமானது. ஓய்வில் இருக்கும்போது, நொதியம் தான் ஆக்கிய வாயுவையே தன் நாகத்தைப் பிடித்திருக்கும் சிஸ்டீன்களில் ஏற்றி, தன்னைத் தானே அடக்கி வைக்கிறது. தூண்டல் வந்ததும் அது கழன்றுபோகும்; பின்னர் மெல்ல மீண்டும் ஏறும்.

உருவான வாயு சில செக்கன்களே நிலைக்கும். அது அகவணியிலிருந்து வெளியேறி, அடுத்திருக்கும் வழுவழுப்பான தசைக்கலத்துக்குள் போகிறது. இங்கே வழி இரண்டாகிறது. முதல் வழி நன்கறிந்தது. அதைக் கண்டதற்காக றொபேட் ஃபேர்ச்கொட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998இல் நோபெல் பரிசு. வாயு குவனைலேற்று சைக்கிளேசு என்னும் நொதியத்தின் ஹீம் இரும்பில் ஒட்டுகிறது, சைக்கிளிக் ஜி.எம்.பி. பெருகுகிறது; தசையில் கல்சியம் இறங்கி, நாடி தளர்கிறது.

இரண்டாவது வழியே இந்தக் கட்டுரையின் நடுப்பொருள். புரதச் சங்கிலிகளில் சிஸ்டீன் இருக்குமிடமெல்லாம் ஒரு கந்தகமும் அதன் நுனியில் ஓர் ஐதரசனும் நீட்டியிருக்கும். அந்த ஐதரசனின் இடத்தில் நைத்திரிக் ஒட்சைட்டு வந்து அமர்வதை எஸ்-நைத்திரோசைலேற்றம் என்கிறோம். புரதத்தின் எடை இதனால் 29 டால்டன் மட்டும் கூடும். பொசுபேற்று ஏறினால் 80 கூடும். ஜோனதன் ஸ்டாம்லரும் உடன்பணியாற்றியோரும் 1992இல் இதைப் புரதங்களில் காட்டி, இவ்வாறு மாறிய புரதங்கள் நாடியைத் தளர்த்துவதையும் காட்டினார்கள்.

வாயு நேரே போய் ஒட்டுவதில்லை. ஓர் இலத்திரன் முதலில் கழிய வேண்டும். அதை ஒட்சிசனோ, இரும்பு, செம்பு போன்ற உலோகமோ வாங்கிக்கொள்ளும். புரதத்தின் எண்ணெய்த்தன்மையான மடிப்புகளில் வாயுவும் ஒட்சிசனும் நீரிலுள்ளதைவிட அடர்த்தியாகச் சேர்வதால், அங்கே இருக்கும் சிஸ்டீன்களுக்கு வாய்ப்பு அதிகம். பக்கத்தில் அமிலத்தன்மையும் காரத்தன்மையும் உள்ள அமினோ அமிலங்கள் நின்றால் இன்னும் எளிது. சில வேளை ஒரு புரதத்தில் ஏறிய வாயு இன்னொன்றுக்குக் கைமாறும்; குளுத்தாதயோன் என்னும் சிறு மூலக்கூறு இடைத்தரகராக அதைச் சுமந்து திரியும். ஆகவே நூறு சிஸ்டீன்கள் உள்ள புரதத்திலும், மாறுவது ஒன்றிரண்டுதான். இரு கந்தகங்கள் தம்முள் நேரே பிணைந்துவிடுவது இதைவிட இறுக்கமானது: கேகாலையில் வெட்டி எடுக்கும் றப்பர்ப் பால் தாளாகி, தொழிற்சாலையில் கந்தகம் ஏறி டயராவதைப் போல, அந்தப் பிணைப்பு பொருளை உறுதியாக்கும், எளிதில் அவிழாது. வாயு ஏறிய கந்தகம் அப்படியல்ல. நிமிடங்களில் ஏறும், நிமிடங்களில் இறங்கும். சமிக்ஞைக்கு வேண்டிய குணம் அதுவே.

ஏறியதைப் பார்ப்பது எப்படி? இந்தக் கட்டு ஒளி பட்டால் உடையும், சூடு பட்டாலும் உடையும், இரசாயனம் பட்டாலும் உடையும். 2001இல் சாமி ஜாஃப்ரியும் சொலமன் ஸ்னைடரும் அதற்கு ஒரு முறை வகுத்தார்கள். அதன் படிகள் இன்றும் ஆய்வுகூடங்களில் கைப்பழக்கம். மங்கலான ஒளியில், திசுவை 7.7 காரகாடித்தன்மையுள்ள கரைசலில் அரைப்பார்கள். அந்தக் கரைசலில் உலோக அயன்களைப் பிடித்து வைக்கும் பொருள்கள் இருக்கும். இல்லாவிட்டால் செம்பின் தடயமே கட்டை உடைத்துவிடும். பிறகு முதல் மூடல். மாறாத எல்லா சிஸ்டீன்களையும் மெதைல் மெதேன்தயோசல்போனேற்று என்ற பொருளால் மூடுவார்கள்; புரதத்தை விரிக்கச் சோப்புத்தன்மையுள்ள எஸ்.டி.எஸ். சேர்த்து, 50 பாகையில் 20 நிமிடம், இடையிடையே நன்றாகக் குலுக்கி. ஒரு சிஸ்டீன் மூடப்படாமல் தப்பினாலும் பின்னர் பொய்யான அடையாளம் காட்டும் என்பதால், இந்தப் படியில் சோம்பல் கூடாது.

மிஞ்சிய மூடுபொருளைக் கழுவக் குளிர்ந்த அசற்றோன் ஊற்றி, புரதத்தைப் படிய வைப்பார்கள். அதன்பின் அஸ்கோர்பேற்று, அதாவது விற்றமின் சீ, ஒரு மில்லிமோலார் அளவில். அது நைத்திரிக் ஒட்சைட்டு ஏறிய கந்தகத்திலிருந்து மட்டும் அதை இறக்கி, வெற்றுக் கந்தகத்தைத் தருகிறது. கூடவே இட்ட பயோட்டின் என்னும் ஒட்டி, இப்போது வெறுமையான அந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. 25 பாகையில் ஒரு மணித்தியாலம். முடிவில், வாயு அமர்ந்திருந்த ஒவ்வோர் இடத்திலும் நிலையான பயோட்டின். ஜெல்லில் மின்னோட்டம் செலுத்திப் புரதங்களைப் பிரித்தால், எங்கே வாயு இருந்ததோ அங்கே கறுத்த பட்டை. அஸ்கோர்பேற்று இல்லாமல் ஒரு குழாயைப் பக்கத்திலேயே ஓட்ட வேண்டும். அதில் பட்டை தோன்றக் கூடாது. நான்கு எளிய பொருள்களால், பார்க்க இயலாத ஒரு கட்டைப் பட்டையாக்கிக் காட்டும் இந்த முறை, செய்வினையின் அழகுக்குச் சரியான எடுத்துக்காட்டு.

இதயத்தில் இந்த மாற்றம் முக்கியமான மூன்று இடங்களில் வேலை செய்கிறது. முதலாவது, கல்சியம் வெளியேறும் வாசலான ரயனோடின் ஏற்பி. நான்கு துணையலகுகள் சேர்ந்த பெரும் புரதம். 1998இல் வெளியான ஆய்வு, துணையலகுக்கு மூன்று வீதம், மொத்தம் 12 இடங்களில் வாயு ஏற ஏற வாசல் படிப்படியாகத் திறப்பதையும், இறக்கியதும் பழைய நிலைக்குத் திரும்புவதையும் காட்டியது. கந்தகங்களை அளவுமீறி ஒட்சியேற்றினால் வாசல் திறந்தபடியே நின்றுவிட்டது. ஒரே கந்தகத் தொகுதி. ஏறுவது வாயுவாக இருந்தால் மீளக்கூடியது, ஒட்சியேற்றமாக இருந்தால் மீளாதது.

இரண்டாவது, அதிரனலின் ஏற்பியை அடக்கும் ஜி.ஆர்.கே.2 என்னும் நொதியம். அதன் 340ஆம் சிஸ்டீனில் வாயு ஏறினால் அடக்கும் வேலை குறைகிறது. ஏற்பிகள் களைக்காமல் பதிலளிக்கும்.

மூன்றாவது, இழைமணியின் முதற்தொகுதி. நாடி அடைபட்டு ஒட்சிசன் இல்லாமலிருந்த இதயத்தசைக்குக் குருதி திரும்பும்போது, இந்தத் தொகுதி திடீரென முழுவேகத்தில் தொடங்கி, தீங்கான ஒட்சிசன் வகைகளைக் கொட்டும். மாரடைப்பின் சேதத்தில் கணிசமான பங்கு இந்தக் கணத்தில்தான். அடைபட்டிருக்கும்போது, தொகுதியின் என்.டி.3 துணையலகில் 39ஆம் சிஸ்டீன் வெளியே தெரிய வரும். 2013இல், குருதி திரும்பும் தருணத்தில் இழைமணிக்குள் மட்டும் சேரும் நைத்திரிக் ஒட்சைட்டு வழங்கியை எலிகளுக்குக் கொடுத்தபோது, வாயு அந்தச் சிஸ்டீனில் அமர்ந்து, தொகுதி மீளத் தொடங்குவதைச் சில நிமிடங்கள் தாமதப்படுத்தியது. சேதம் குறைந்தது. சில நிமிடம் கழித்து வாயு தானாக இறங்கி, தொகுதி ஒழுங்காக ஓடியது. சரியான இடம், சரியான நேரம், பின்னர் தானே விலகல்.

ஏற்றியதை இறக்குவதற்கும் தனி வேலையாள்கள் உண்டு. குளுத்தாதயோன் சுமக்கும் வாயுவை ஜி.எஸ்.என்.ஓ. தாழ்த்தி என்னும் நொதியம் உடைக்கிறது. 2001இல் இதன் பங்கு தெளிவானது. தயோரெடொக்சின் என்னும் சிறு புரதம் தன் இரண்டு சிஸ்டீன்களால் மற்றப் புரதங்களிலிருந்து நேரே வாயுவைக் கழற்றுகிறது. முதல் நொதியம் இல்லாத எலிகளுக்கு மயக்கமருந்தின்போது குருதியழுத்தம் தாழ்ந்தது. மாரடைப்பின் சேதமோ குறைந்திருந்தது. ஆனால் அதிகம் என்றால் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2019இல், கொழுப்புணவும் உயர்குருதியழுத்தமும் சேர்ந்து, சுருங்கும் ஆற்றல் குறையாமலேயே இதயம் செயலிழக்கும் எலிகளில், அழற்சியால் பெருகிய நைத்திரிக் ஒட்சைட்டு ஐ.ஆர்.ஈ.1 என்னும் காவற்புரதத்தின் சிஸ்டீன்களில் ஏறி அதை முடக்குவது தெரியவந்தது. ஏற்றமும் இறக்கமும் சமமாக நடக்கும்வரையே இதயம் நலமாக இருக்கும்.

தோட்டத்து டிஸ்பென்சரிகளில் நெஞ்சுவலிக்காரருக்கு நாக்குக்குக் கீழ் வைக்கக் கொடுக்கும் சின்னக் குளிசை, கிளிசரைல் டிரைநைத்திரேற்று. ஒளி புகாத சீசாவில் இருப்பது தற்செயலல்ல. கரைந்து குருதிக்குள் போனதும், இழைமணியில் உள்ள அல்டிகைட்டு தீஐதரசனேற்றி என்ற நொதியம் அதிலிருந்து நைத்திரிக் ஒட்சைட்டின் வேலையை வெளிக்கொணர்கிறது. இது 2002இல் காட்டப்பட்டது. சில நிமிடங்களில் வலி தணியும். ஆனால் நைத்திரேற்று மருந்தை இடைவெளியின்றிக் கொடுத்தால் ஒரு நாளுக்குள்ளேயே பலன் மங்கும். காரணங்களில் ஒன்றை 2008இல் கண்டார்கள்: ஓயாமல் வரும் வாயு, முதல் வழியின் குவனைலேற்று சைக்கிளேசின் சிஸ்டீன்களிலேயே ஏறி அதை உணர்விழக்கச் செய்கிறது. அதனால்தான் நீண்டநேரம் வேலைசெய்யும் நைத்திரேற்று மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு, நாளில் பல மணித்தியாலங்கள், பெரும்பாலும் இரவில், மருந்தில்லாத இடைவெளி விடச் சொல்கிறார்கள். கழற்றும் வேலையாள்களுக்கு அந்த நேரம் தேவை.

கடைசிப் படி, கழன்ற வாயு போகும் இடம். குருதியில் செங்குழியத்தின் ஈமோகுளோபின் பெரும்பகுதியை உடனே பிடித்து நைத்திரேற்றாக மாற்றும். அதில் ஒரு பகுதி சிறுநீரில் போகும். ஏறத்தாழ நான்கிலொரு பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் குருதியிலிருந்து இழுத்து, வாய்க்குள் விடும். உணவில் வரும் நைத்திரேற்றும் இதே சுற்றில் சேரும். கீரைவகைகளில் அது நிறைய இருக்கும். நாக்கின் பின்புறத்தில் குடியிருக்கும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாகத் தாழ்த்தும். விழுங்கியதும் வயிற்றமிலத்தில் ஒரு பகுதி மீண்டும் நைத்திரிக் ஒட்சைட்டாகும். எஞ்சியது குருதியில் சேர்ந்து, ஒட்சிசன் குறைந்த இடங்களில் வாயுவாகும். 2013இல், நலமுள்ளவர்கள் கிருமிநாசினி வாய்கழுவி ஒருவாரம் பயன்படுத்தியபோது, அந்தப் பற்றீரியாக்கள் அடங்கி, உமிழ்நீரில் நைத்திரைற்று குறைந்து, குருதியழுத்தம் சிறிதளவு உயர்ந்தது.